கிறிஸ்துமஸ் அலங்காரம் பாழாவது ஜனவரியில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் பிறந்தால் பத்திரிகைகளில் இரண்டு வகைக் கட்டுரைகள் தவறாமல் வருகின்றன. குடில் கட்டுவது எப்படி, மரம் அலங்கரிப்பது எப்படி என்பது ஒரு வகை. அந்தக் காலத்து அழகெல்லாம் போயிற்று, எல்லாமே பிளாஸ்டிக் ஆகிவிட்டது என்ற அங்கலாய்ப்பு இன்னொரு வகை. ஜனவரியில் ஒரு வரி கூட வருவதில்லை. தாத்தா பாட்டி காலத்திலிருந்து வந்த கண்ணாடிப் பந்தும் குடில் சொரூபமும் பாழாவது பெரும்பாலும் ஜனவரியில்தான். பண்டிகைக் களைப்போடு அவசர அவசரமாக இறக்கி, கைக்குக் கிடைத்த பெட்டியில் திணித்துப் பரணில் ஏற்றும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் காரியம் கெடுகிறது.

அங்கலாய்ப்புக்கு முதலில் பதில் சொல்லிவிடலாம். அசிசியின் பிரான்சிஸ் 1223-ல் இத்தாலியின் கிரெச்சோவில் குடில் அமைத்தபோது அதில் சொரூபம் எதுவும் இல்லை. தீவனத் தொட்டி, வைக்கோல், உயிருள்ள மாடு, கழுதை, அவ்வளவுதான். சொரூபங்கள் பிறகு வந்தன. கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறுகளில் ஒவ்வொன்றாக மெழுகுவர்த்தி ஏற்றும் திருவருகைக்கால வளையத்தை 1839-ல் ஹாம்பர்க்கில் யோஹான் விஷர்ன் என்ற போதகர் ஆதரவற்ற பிள்ளைகளுக்காகச் செய்தபோது அது ஒரு வண்டிச் சக்கரம். ஞாயிறுகளுக்கு நான்கு பெரிய வெள்ளை மெழுகுவர்த்திகள், மற்ற நாட்களுக்குச் சுமார் இருபது சிறிய சிவப்பு மெழுகுவர்த்திகள். வீட்டு மேசைக்கு வந்தபோது அது நான்காகச் சுருங்கியது. செயற்கை மரத்தைப் புதுப் பழக்கம் என்று திட்டுகிறோம். 19-ம் நூற்றாண்டிலேயே ஜெர்மனியில் வாத்து இறகுக்குப் பச்சைச் சாயம் ஏற்றி, கம்பியில் சுற்றி மரம் செய்தார்கள். எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன் 1882 டிசம்பர் 22 அன்று நியூயார்க்கில் தன் வீட்டு மரத்தில் சிவப்பு, வெள்ளை, நீலம் என 80 மின்விளக்குகளை எரியவிட்டார். ஒவ்வொரு தலைமுறையும் தன் காலத்துப் பொருளைக் கொண்டுதான் அலங்கரித்திருக்கிறது.

ஆகவே மாறுவதில் தவறில்லை. சில பொருள்கள் மாறியே தீர வேண்டும். சில மாறினால் நஷ்டமில்லை. சில வெறும் கவனக்குறைவால் கைவிட்டுப் போகின்றன. நாம் கவலைப்பட வேண்டியது அந்தக் கடைசி வகைக்குத்தான்.

மாற வேண்டியவற்றை முதலில் பார்ப்போம். பழைய பெட்டியில் ஈர்க்குப் போல் தொங்கும் ஜிகினா இழைகள் இருந்தால் எடுத்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் கனமாக இருந்து, ஊதினால் அதிகம் ஆடாமல் நேராகத் தொங்கி, விரலால் மடித்தால் மடித்தபடியே நின்றால் அது ஈயத் தகடாக இருக்கலாம். இதை அமெரிக்காவில் தயாரிப்பாளர்களும் இறக்குமதியாளர்களும் 1972-ல் நிறுத்தினார்கள். பிளாஸ்டிக் இழை நிமிர்ந்துகொள்ளும், கையிலும் ஒட்டிக்கொள்ளும். ஈய இழை அழகாகத்தான் தொங்கும், அதில் சந்தேகமில்லை. தரையில் விழுந்ததைக் குழந்தை வாயில் வைக்கும் என்பதால் அதை வைத்திருக்கக் கூடாது. 1930, 40-களில் நுரையீரலைக் கெடுக்கும் கல்நாரையே (ஆஸ்பெஸ்டாஸ்) பொய்ப்பனியாக விற்றிருக்கிறார்கள். அந்தக் காலத்துப் பெட்டியின் அடியில் வெள்ளைப் பஞ்சு நாராக ஏதாவது கிடந்தால் பெருக்கவோ ஊதவோ வேண்டாம். தண்ணீர் தெளித்து நனைத்து, இரண்டு பாலிதீன் பைகளில் கட்டி, அபாயக் கழிவாக ஒப்படைக்க வேண்டும். மரக்கிளையில் மெழுகுவர்த்தி ஏற்றுவது பற்றி எழுதவே தேவையில்லை. அந்தத் தகரக் கிளிப்புகளை மட்டும் எறிந்துவிடாதீர்கள். பேட்டரியில் எரியும் சிறு எல்.இ.டி. மெழுகுவர்த்திகள் பல அதில் உட்காரும். பொத்தான் பேட்டரி போட்டதாக இருந்தால் அதன் மூடி திருகாணியால் முடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். குழந்தை விழுங்கிய பொத்தான் பேட்டரி இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்.

பழைய சீரியல் செட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் பலரும் ஒரே தவறைச் செய்கிறார்கள். 240 வோல்ட்டில் ஓடும் 20 பல்பு செட் என்றால் ஒவ்வொரு பல்புக்கும் 12 வோல்ட் பங்கு. மிகப் பழைய செட்டில் ஒரு பல்பு போனால் மொத்தமும் அணைந்துவிடும், எது போனது என்று ஒவ்வொன்றாகக் கழற்றித் தேட வேண்டும். இந்தத் தொல்லைக்காகப் பின்னால் பல்புக்குள்ளேயே ஒரு மெல்லிய மாற்றுக் கம்பியைச் சுற்றி வைத்தார்கள். இழை அறுந்ததும் முழு மின்னழுத்தமும் அந்த இடத்தில் நிற்கும். அதில் மாற்றுக் கம்பியின் பூச்சு எரிந்து மின்சாரம் அதன் வழியே போகும், மற்ற பல்புகள் எரிந்துகொண்டே இருக்கும். இது வசதிதான், ஆனால் சோம்பலையும் வளர்த்துவிட்டது. மூன்று பல்பு போயும் மாற்றாமல் விட்டால் மிச்சம் 17 பல்புகள் அதே 240 வோல்ட்டைப் பங்கிட வேண்டும். தலைக்கு 14 வோல்ட்டுக்கு மேல் போகிறது. பல்புகள் பளிச்சென்று எரியும். “இந்த வருஷம் நல்லா எரியுதே” என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். அந்தப் பளிச்சே ஆபத்தின் அறிகுறி. சூடேறி அடுத்த பல்பு போகும், அதைவிட வேகமாக அதற்கடுத்தது போகும். ஒன்று போன அன்றே அதே வோல்ட், அதே வாட் பல்பை மாற்றிவிட வேண்டும்.

சில செட்களில் ஒரே ஒரு பல்பின் நுனியில் மட்டும் வெள்ளைப் பூச்சு இருக்கும். அது ஃபியூஸ் பல்பு, அதற்குள் மாற்றுக் கம்பி கிடையாது. மின்னோட்டம் மிஞ்சினால் அது அறுந்து செட்டை நிறுத்திவிடும். அந்த இடத்தில் சாதாரண பல்பைச் செருகி ஓட்டினால் பாதுகாப்பு போயிற்று. வயரை விரலில் சுற்றிப் பாருங்கள். மேலுறை வெடித்தாலும், ஹோல்டரின் வாயில் பச்சை பூத்திருந்தாலும் அந்த செட்டுக்கு ஓய்வு கொடுத்துவிடுங்கள். இன்சுலேஷன் டேப் சுற்றி இன்னொரு வருடம் ஓட்டலாம் என்று நினைப்பதில் பொருளில்லை, ஓரிடத்தில் வெடித்த உறை எல்லா இடத்திலும் காய்ந்துதான் போயிருக்கும். பிள்ளைகளுக்குப் பழக்கமான அந்தப் பூ வடிவ, விளக்கு வடிவ பல்புகளைக் கழற்றி நூலில் கட்டித் தொங்கவிடலாம், அழகாகவே இருக்கும்.

எல்.இ.டி.க்கு மாறுகிறவர்கள் “பழைய களை இல்லை” என்று குறைப்படுகிறார்கள். குறை பல்பின் வண்ணத்தில். பெட்டியில் 2700 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் அளவு) என்று போட்டிருப்பதை வாங்கினால் பழைய இழை பல்பின் மஞ்சள் வெளிச்சம் கிடைக்கும். 6000 கெல்வின் நீல வெள்ளையில் சிவப்புக் கண்ணாடி மங்கித் தெரியும், பொன்வண்ணம் சாம்பலடிக்கும். ஒரே மரத்தில் இரண்டையும் கலக்காதீர்கள். மரத்தைச் சுற்றிச் சுற்றி மாலை போடுவதுபோல் வயரைப் போடுவதையும் விடலாம். கீழ்க்கிளையில் தொடங்கி, தண்டிலிருந்து நுனிக்குப் போய்த் திரும்பவும் தண்டுக்கு வந்து, அடுத்த கிளைக்கு ஏறினால் மரத்துக்கு ஆழம் வரும். கழற்றும்போது சிக்காது என்பது கூடுதல் லாபம்.

இனி கண்ணாடிப் பந்துகள். ஜெர்மனியின் லௌஷா ஊர்க் கண்ணாடித் தொழிலாளர்கள் 19-ம் நூற்றாண்டில் இவற்றை வாயால் ஊதிச் செய்தார்கள். உள்ளே வெள்ளி நைட்ரேட் கரைசலை ஊற்றிக் குலுக்கினால் வெள்ளி படிந்துகொள்ளும், வெளியே வண்ணப் பூச்சு. வெள்ளி உட்புறம், வண்ணம் வெளிப்புறம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டாலே பராமரிப்பு பாதி புரிந்துவிடும். தண்ணீரில் கழுவினால் மூடி வழியாக ஈரம் உள்ளே போய் வெள்ளி கறுத்து உரியும். கண்ணாடி துடைக்கும் திரவம் பட்டால் வெளி வண்ணம் துணியோடு வந்துவிடும். காய்ந்த மென்மையான பிரஷ் போதும். மங்கல் போகவில்லையா, இருக்கட்டும். அது பந்தின் வயது.

பந்து விழுந்து உடைவதற்குப் பெரும்பாலும் கிளை காரணமில்லை, மூடிதான் காரணம். மூடிக்குள் இரண்டு கால் கொண்ட ஒரு கம்பி ஸ்பிரிங் இருக்கும். கால்கள் கழுத்துக்குள் விரிந்து நின்றுதான் பந்தைத் தாங்குகின்றன. வருடக்கணக்கில் அமுங்கி அமுங்கி விரிப்பு குறைந்துவிடும். ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, கால்களை மெதுவாக அகட்டி, மறுபடி சேர்த்துப் பிடித்துச் செருகுங்கள். ஒரு கையால் மூடியைப் பிடித்து, மறு கையை அடியில் ஏந்தியபடி லேசாக ஆட்டிப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். கழுத்தில் விரிசல் இருந்தால் அதை மரத்தில் மாட்டாமல் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு மேசையில் வைத்துவிடலாம். உலோகத்துக்குப் பதில் அட்டை மூடி போட்ட பந்து கிடைத்தால் மட்டமான சரக்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள். இரண்டாம் உலகப்போரின்போது உலோகத் தட்டுப்பாட்டால் அமெரிக்காவில் அப்படிச் செய்தார்கள். கனமான பந்துகளைக் கிளை தடித்திருக்கும் தண்டுப் பக்கமும், இலேசானவற்றை நுனியிலும் மாட்டுங்கள். கொக்கியின் வாயை இடுக்கியால் மூடிவிடுங்கள். குழந்தையோ பூனையோ உள்ள வீட்டில் கீழ் 90 செ.மீ. வரை கண்ணாடி வேண்டாம், துணி, மரம், காகிதம் போதும்.

பந்துகளைச் செய்தித்தாளில் சுற்றாதீர்கள். பத்திரிகைக்கே எழுதும் கடிதத்தில் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது, மன்னிக்கவும். அச்சுமை வண்ணத்தின்மேல் ஏறிவிடும், பிறகு போகாது. குமிழ் பிளாஸ்டிக் உறையும் நேரடியாகப் படக்கூடாது, வெயில் காலத்தில் அது இளகி வண்ணத்தோடு ஒட்டும். அச்சில்லாத வெள்ளை டிஷ்யூ தாளில் ஒவ்வொன்றாகச் சுற்றி, தடுப்பு உள்ள கெட்டிப் பெட்டியில், அதிகபட்சம் இரண்டு அடுக்கு. காகித முட்டை அட்டையில் முட்டை வாசம் ஒட்டியிருந்தால் பூச்சி தேடி வரும். கூரையை ஒட்டிய பரணைவிட அலமாரியின் அடித்தட்டு நல்லது. எந்த வருடத்துப் பந்து என்று குறிக்க நினைப்பவர்கள் கண்ணாடியில் மார்க்கர் பேனாவால் எழுதாதீர்கள், அந்த மை பூச்சைத் தின்றுவிடும். சிறு அட்டையில் பென்சிலால் எழுதி மூடியில் கட்டுங்கள்.

குடில் சொரூபங்கள் பெரும்பாலும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அல்லது சுட்ட மண். உடைவது வழக்கமாகக் கழுத்திலும் மணிக்கட்டிலும், மாடு கழுதையானால் கொம்பிலும் காதிலும். உடைந்த இடத்தில் நேராகப் பசை தடவி ஒட்டினால் ஓரிரு வருடத்தில் மறுபடி கழன்றுவிடும். காய்ந்த பிளாஸ்டர் பசையின் ஈரத்தை உறிஞ்சிக் குடித்துவிடும், ஒட்டும் இடத்தில் பசையே மிஞ்சாது. அதனால் முதலில் ஒரு பங்கு வெள்ளைப் பசையில் மூன்று பங்கு தண்ணீர் கலந்து இரு பக்கமும் தடவி நன்றாகக் காயவிடுங்கள். பிறகு நீர்க்காத பசையை மெல்லிசாகத் தடவி, பொருத்தி, டேப்பால் இழுத்துக் கட்டி 24 மணி நேரம் தொடாமல் வையுங்கள். கை போன்ற நீண்ட பாகத்துக்குள் கம்பி வைக்க வேண்டும் என்றால் பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியாக இருக்கட்டும். பழைய சொரூபத்தின் மணிக்கட்டில் பழுப்புக் கோடு ஓடுகிறதா? உள்ளே வைத்த இரும்புக் கம்பி துருப்பிடித்து ஊதி, பிளாஸ்டரைப் பிளக்கிறது என்று பொருள். அதன் மேல் பெயின்ட் அடிப்பது புண்ணை மூடி வைப்பதுபோல. கம்பியை எடுத்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும்.

“புதுசாக்கிவிடலாம்” என்று முழுச் சொரூபத்துக்கும் பளபளக்கும் எனாமல் அடிக்கும் வழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சு செதில் செதிலாக உதிரும். முகத்தில் யாரோ ஒரு கைவினைஞர் இழுத்த புருவக் கோடும் போய்விடும். உதிர்ந்த இடத்துக்கு மட்டும் பளபளப்பில்லாத அக்ரிலிக் வண்ணம் தொட்டு வையுங்கள். தொலைந்த சொரூபத்துக்கு மாற்று வாங்கும்போது செட்டில் நிற்கும் ஒருவரின் உயரத்தை அளந்து கொண்டு போங்கள். மண்டியிட்ட மரியாளை அளந்து கொண்டு போய், அதே உயரத்துக்கு நிற்கும் இடையனை வாங்கி வந்தால் அவன் சிறுவனாகத் தெரிவான். சிறியதாக வாங்கியாகிவிட்டது என்றால் அவனைப் பின்னால் குன்றின்மேல் நிறுத்துங்கள், தொலைவில் வருகிறவன் ஆகிவிடுவான்.

பிள்ளைகள் கையால் செய்த உப்பு மாவு நட்சத்திரங்கள் பல வீடுகளில் மூன்றாம் வருடம் தாண்டுவதில்லை. மைதா 2 கப், தூள் உப்பு 1 கப், தண்ணீர் 1 கப்புக்குக் கொஞ்சம் குறைவு. பத்து நிமிடம் பிசைந்து 5 மி.மீ. கனத்தில் தேய்த்து, விளிம்பிலிருந்து 1 செ.மீ. உள்ளே தள்ளி ஓட்டை போட வேண்டும். ஓவனில் 100 முதல் 110 டிகிரி செல்சியஸ் சூட்டில் மூன்று மணி நேரம், நடுவில் ஒருமுறை திருப்ப வேண்டும். அவசரப்பட்டு 150-க்கு ஏற்றினால் கொப்புளம் கிளம்பும். வெந்தது சரியாக இருந்தும் கெடுவது வார்னிஷில். முன்பக்கம் மட்டும் அடித்துப் பின்பக்கத்தை விட்டுவிடுவார்கள். உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வியர்த்து, நூல் ஓட்டை நெகிழ்ந்து அறுந்துவிடும். இரு பக்கமும், விளிம்பும், ஓட்டையின் உள்ளும் இரண்டு கை வார்னிஷ் வேண்டும். டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு இறுக மூடுங்கள். நாய் எட்டும் உயரத்தில் தொங்கவிடாதீர்கள், அத்தனை உப்பு அதன் உயிருக்கே ஆபத்து.

மொரேவியன் என்ற கிறிஸ்தவ சபையின் பெயரால் வழங்கும் பல முனைக் காகித நட்சத்திரம் 1830-களில் ஜெர்மனியின் நீஸ்கி பள்ளியொன்றில் கணிதப் பாடத்துக்காகப் பிறந்தது. அதில் சதுர அடி கொண்ட கூம்பு 17, முக்கோண அடி கொண்ட கூம்பு 8, விளக்கு நுழைய ஒரு முகம் திறப்பு. கழற்றி வைக்கும் வகையாக இருந்தால் கூம்புகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கலாம். சதுரத்தைத் தனியாகவும் முக்கோணத்தைத் தனியாகவும் எண்ணி அடுக்குங்கள். கூம்பு ஒன்று குறைவது டிசம்பரில் தெரிந்தால் அந்த வருடம் நட்சத்திரம் கிடையாது. உள்ளே 40 வாட் இழை பல்பு போட்ட காலம் போகட்டும், 3 வாட் எல்.இ.டி. போதும். காகிதமும் கருகாது.

மரத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வெட்டிய மரம் என்றால் அடியில் இரண்டு செ.மீ. புதிதாக அறுத்து, பிசின் அடைக்குமுன் சில மணி நேரத்துக்குள் வெறும் தண்ணீரில் நிறுத்த வேண்டும். சர்க்கரை, மாத்திரை எதுவும் வேண்டாம். பிளாஸ்டிக் மரம் என்றால் கீல் துரு, உதிரும் தூள் இரண்டையும் பாருங்கள். கையில் வெள்ளைத் தூள் ஒட்டும் பழைய பி.வி.சி. மரத்தை விட்டுவிடுங்கள், சிலவற்றில் ஈயம் கலந்திருக்கும்.

வீட்டு மனிதர்கள் மாறும்போது வழக்கமும் மாறத்தான் செய்யும். பிள்ளைகள் தனிக்குடித்தனம் போகும்போது கண்ணாடிப் பந்துகளைப் பங்கு போடலாம், குடில் செட்டைப் போடக்கூடாது. ஞானிகளில் ஒருவர் அண்ணன் வீட்டிலும் இருவர் தங்கை வீட்டிலும் இருந்தால் இரண்டு குடிலும் அரைகுறை. முழு செட்டும் ஒருவருக்கு, பந்துகளில் பெரும்பங்கு மற்றவருக்கு என்று முடித்துவிடுவது நல்லது. கை நடுங்கும் பெரியவர்களை “நீங்க உட்காருங்க” என்று ஓரங்கட்டாமல் கொக்கி மாட்டும் வேலையை அவர்களிடம் கொடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடி செய்யலாம், எந்தப் பந்து எங்கிருந்து வந்தது என்ற கதையும் அப்போதுதான் வெளியே வரும். துக்க வீட்டில் ஒரு வருடம் அலங்காரம் இல்லாமல் போகலாம். அந்த வருடமும் பெட்டிகளைத் திறந்து ஒரு நாள் காற்றாட வைத்து, சிலிக்கா ஜெல்லை மாற்றி மூடிவிடுங்கள். இரண்டு வருடம் திறக்காத பெட்டியில் பூஞ்சை குடிபுகுந்துவிடும்.

இறக்கும் நாளுக்கு வருகிறேன். பொதுவாக ஜனவரி 6, ஞானிகள் பாலனைக் கண்டதை நினைவுகூரும் திருக்காட்சிப் பெருவிழாவை ஒட்டி. பிப்ரவரி 2 வரை குடிலை வைத்திருப்போரும் உண்டு. கலைக்குமுன் குடிலை நேராக ஒன்றும் மேலிருந்து ஒன்றும் படம் எடுத்து, அச்சிட்டு, பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டுங்கள். செல்போனிலேயே கிடந்தால் அடுத்த டிசம்பரில் தேட முடியாது. வைக்கோலையும் பாசியையும் சேர்த்து வைக்காதீர்கள், வருடா வருடம் புதிது. பேட்டரிகளைக் கழற்றுங்கள், கசிந்தால் விளக்கே போய்விடும். சீரியல் செட்டை 30 செ.மீ. அட்டையின் இரு முனையிலும் வெட்டு போட்டுச் சுற்றுங்கள். பிளக் இல்லாத முனையில் தொடங்கிச் சுற்றினால் பிளக் வெளியே நிற்கும். அடுத்த வருடம் அவிழ்க்காமலே செருகி, அரை நிமிடம் எரிகிறதா என்று பார்த்துவிடலாம். சுற்றியபடியே நெடுநேரம் எரியவிட்டால் சூடேறும், அது வேண்டாம்.

குடிலில் அதிகம் தொலைவது பாலன் இயேசுதான். செட்டிலேயே மிகச் சிறிய சொரூபம் அது. பல வீடுகளில் 24-ம் தேதி இரவுவரை தொட்டியில் வைக்காமல் தனியே எடுத்து வைப்பதால் புடவை அலமாரி, பூசை மேசை இழுப்பறை என்று இடம் மாறிக்கொண்டே இருக்கும். அதற்கென்று ஒரு சிறு டப்பா, அதன்மேல் பெயர், குடில் பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே அதன் இடம். டிசம்பரில் பெட்டியைத் திறந்ததும் முதலில் அதைத்தான் எடுப்போம், எடுத்து எங்கே வைத்தோம் என்று மூடியிலேயே பென்சிலால் குறித்துவிடுங்கள்.

இதைப் பிரசுரிப்பதானால் ஜனவரி முதல் வாரத்திலேயே பிரசுரிக்கக் கேட்டுக்கொள்கிறேன். பொங்கல் கழிந்து வந்தால் பெட்டிகள் பரண் ஏறியிருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்